வெயிலில் வைத்தால் உயிர் பெறும் போர்டு

கேள்வி: ஐயா, கோவையில் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டருக்கான கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். செல்போனில் ஆன்-ஆஃப், ட்ரை ரன் (தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவது) பாதுகாப்பு, வோல்டேஜ் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. உள்மாவட்டங்களில் புகாரே இல்லை. வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணைகளுக்கும் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் கொடுத்தவை மட்டும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் வரிசையாகத் திரும்பி வருகின்றன. போர்டைக் கழற்றி ஒரு நாள் வெயிலில் வைத்தால் மறுபடி ஓடுகிறது. கொண்டுபோய் மாட்டினால் சில வாரங்களில் திரும்பவும் படுத்துவிடுகிறது. இப்போது ஒரு கோட் மோட்டார் வார்னிஷ் அடித்து அனுப்புகிறோம். ஒருவர் சிலிக்கோன் போடச் சொல்கிறார், இன்னொருவர் நானோ கோட்டிங் வீடியோ காட்டுகிறார், மூன்றாமவர் பாரிலீன்தான் கடைசித் தீர்வு என்கிறார். எதை எடுப்பது? இன்னொன்று: தண்ணீர் ஓட்டத்தை உணரும் எங்கள் ஃப்ளோ ஸ்விட்சில், உள்ளே காந்தம் வைத்த 12 மி.மீ. அலுமினிய பிளஞ்சர் பித்தளை ஸ்லீவுக்குள் ஓடுகிறது. விட்டத்தில் இடைவெளி 40 மைக்ரான். உப்புத் தண்ணீரில் இறுகிக்கொள்கிறது. அதற்கு டிஎல்சி (வைரம் போன்ற கடினமான கார்பன் படலம்) பூச்சு உதவுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது: "வெயிலில் வைத்தால் மறுபடி ஓடுகிறது." ஐசி செத்திருந்தால் எந்த வெயிலும் அதை எழுப்பாது. காய்ந்ததும் போர்டு ஓடுகிறது என்றால் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. பாகங்களுக்கு நடுவே, போர்டின் மேற்பரப்பில், மின்சாரம் ஒரு கள்ள வழி கண்டுபிடித்திருக்கிறது. அந்த வழி உப்பும் ஈரமும் சேர்ந்து போட்டது. ஈரம் போனால் வழி அடைபடும். உப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த ஈரத்துக்கு அது மறுபடி திறந்துகொள்ளும்.

மழைத் தண்ணீர் உள்ளே போனால்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். சாதாரணச் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் இரவுகளில் அந்த அளவு சர்வசாதாரணம். உப்பளத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பறக்கும் தூசியில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நனையத் தொடங்கும், அதாவது பகலில்கூட. ஆகவே பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமலே போர்டு நனைந்திருக்கலாம்.

எந்த இடத்தில் கசிகிறது என்பதைப் பூச்சு வாங்குவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். உங்களுடையது போன்ற போர்டுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது மூன்று இடங்களை. ஒன்று, மூன்று பேஸ் வோல்டேஜை அளக்க வைத்திருக்கும் மெகா ஓம் ரெசிஸ்டர் வரிசை. 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் உப்பு ஈரம் இன்னொரு 1 மெகா ஓம் பாதையைப் போட்டால், அந்த இடத்தின் தடை பாதியாகிவிடும். கன்ட்ரோலர் அதை நம்பி 'வோல்டேஜ் அதிகம்' என்று மோட்டாரை நிறுத்தும். பண்ணைக்காரருக்கு அது 'போர்டு போச்சு'. இரண்டு, கன்ட்ரோலருக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் கிரிஸ்டலின் இரண்டு கால்கள். அங்கே சிறு கசிவு வந்தாலே ஆஸிலேட்டர் நின்றுபோகும். மூன்று, கேபிள் நுழையும் பக்கத்தில் இருக்கும் ட்ரை ரன் சென்சார் உள்ளீடு.

திரும்பி வந்த போர்டுகளை வெயிலில் வைக்காதீர்கள். வந்த ஈரத்தோடு பூதக்கண்ணாடியில் பாருங்கள். கால்களுக்கு நடுவே வெள்ளைப் பூப்பா, செம்பில் பச்சையா, 415 வோல்ட் டெர்மினல்களுக்கு நடுவே கருகிய கோடா என்று குறித்து வையுங்கள். கருகிய கோடு இருந்தால் அது பூச்சால் தீராது. டெர்மினல்களை விலக்க வேண்டும், அல்லது நடுவில் போர்டிலேயே ஒரு பிளவு வெட்ட வேண்டும். மெகா ஓம் பாதையில்தான் கோளாறு என்றால், சர்க்கியூட்டை மாற்றி அங்கே தடையைக் குறைத்தாலே புகார் கணிசமாக இறங்கும். இதற்குப் பூச்சுக்காரர் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்பதால்தான் யாரும் உங்களுக்கு இதைச் சொல்லவில்லை.

இனி பூச்சு.

பூச்சு என்றால் தண்ணீர் புகாத உறை என்றுதான் விற்கிறவர்களும் பேசுகிறார்கள், வாங்குகிறவர்களும் நினைக்கிறார்கள். போர்டுக்குப் போடும் கன்ஃபார்மல் கோட்டிங் எல்லாமே பிளாஸ்டிக் வகைதான். நீராவி எல்லாவற்றையும் ஊடுருவும், சிலவற்றை மெதுவாக, சிலவற்றை வேகமாக. அப்புறம் அது எதற்கு என்று கேட்பீர்கள். பூச்சு போர்டோடு இறுக ஒட்டியிருந்தால், உள்ளே வரும் நீர் மூலக்கூறுகள் ஒன்றுகூடித் திரவப் படலமாக நிற்க இடம் கிடைக்காது. உப்பு வெளியே நிற்கும், ஈரம் தனித்தனியாக உள்ளே திரியும். இரண்டும் சேர்ந்து செம்பைத் தொட முடியாது. பாதுகாப்பு முழுவதும் அந்த ஒட்டுதலில் இருக்கிறது.

அதனால் உங்கள் வார்னிஷ் ஏன் தோற்றது என்பதும் புரியும். நீங்கள் கையால் சால்டர் செய்து, ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பொருள்) மிச்சத்தின் மேலேயே வார்னிஷ் அடிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஃப்ளக்ஸில் இருக்கும் அமிலமும், கைவிரல் வியர்வை உப்பும் பூச்சுக்கு அடியில் சிறைப்பட்டுவிடுகின்றன. நீராவி பூச்சின் வழியே உள்ளே வரும். அங்கே உப்பைக் கண்டதும் கரைசலாகும். கரைசல் இன்னும் நீரை இழுக்கும். பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பூச்சில்லாத போர்டாவது வெயிலில் காயும். கொப்புளத்துக்குள் சிக்கிய ஈரம் லேசில் போகாது. அழுக்கின் மேல் விலையுயர்ந்த பூச்சு போட்டால் இந்தக் கதைதான் இன்னும் அதிகச் செலவில் நடக்கும். பாரிலீனும் விதிவிலக்கில்லை.

'நோ கிளீன் ஃப்ளக்ஸ்தான் போடுகிறோம், கழுவத் தேவையில்லை' என்று உங்கள் சூப்பர்வைசர் சொல்லக்கூடும். பூச்சில்லாத, உலர்ந்த இடத்தில் ஓடும் போர்டுக்கு அது சரி. உங்கள் போர்டு போகும் இடத்துக்குச் சரியில்லை. அரைகுறையாகக் கழுவுவதோ அதைவிடக் கெடுதல். நோ கிளீன் ஃப்ளக்ஸ் காய்ந்ததும் பிசின் போல இறுகி அமிலத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். ஐபிஏ என்ற ஆல்கஹாலில் பிரஷ்ஷை முக்கித் தேய்த்தால் அந்தப் பிசின் கரைந்து, அமிலம் போர்டு முழுவதும் பரவும். வெள்ளைப் படிவாகக் கண்ணுக்கே தெரியும். கழுவுவதென்றால் அந்த ஃப்ளக்ஸுக்கு உரிய கிளீனரில் கழுவி, உப்பு நீக்கிய டீஅயனைஸ்டு வாட்டரில் அலசி, ஓவனில் 60 முதல் 80 டிகிரிக்குள் நன்றாக உலர்த்தி, அதன்பிறகு வெறுங்கை படாமல் பூச்சுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். போர்வெல் தண்ணீரில் அலசிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அந்த உப்பு அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது.

கழுவும் முன் உங்கள் ரிலே சீல் செய்த வகையா என்று பாருங்கள். திறந்த ரிலேயாக இருந்தால் கிளீனர் ஃப்ளக்ஸைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய் கான்டாக்டில் படியும். சீல் ரிலேக்கு மாறுங்கள், இல்லையென்றால் ரிலேயை மட்டும் கழுவிய பிறகு சால்டர் செய்யுங்கள். முதல் வழிதான் நல்லது; கடலோரத்தில் திறந்த ரிலே எந்தப் பூச்சாலும் பிழைக்காது. பூச்சு கான்டாக்டில் பட்டால் ரிலே வேலை செய்யாது. படாவிட்டால் உப்பும் எறும்பும் பல்லியும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

உங்களுக்குச் சொன்ன மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

சிலிக்கோன் நல்ல பொருள். மைனஸ் 50 முதல் 200 டிகிரி வரை தாங்கும், வளைந்து கொடுக்கும், சூடாகும் போர்டுக்கு அதற்கு இணை கிடையாது. உங்கள் பெட்டிக்கு மட்டும் நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் கான்டாக்டர், அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய ஸ்விட்ச். சிலிக்கோனிலிருந்து எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள் மூடிய பெட்டிக்குள் சுற்றி வரும். கான்டாக்டர் திறக்கும்போதும் மூடும்போதும் தெறிக்கும் பொறியில் அவை எரிந்து, சிலிக்கா, அதாவது மணலின் அதே வேதிப்பொருள், கான்டாக்ட் முகத்தில் படியும். அது மின்சாரத்தைக் கடத்தாது. சில மாதம் கழித்து 'கான்டாக்டர் எடுக்கவில்லை' என்று புதுப் புகார் வரும். யாரும் அதைப் போர்டின் பூச்சோடு முடிச்சுப் போட மாட்டார்கள். ரிலே தயாரிப்பாளர்கள் தங்கள் குறிப்புகளிலேயே இதை எச்சரிக்கிறார்கள். இன்னொன்று: சிலிக்கோன் கந்தக வாயுவைத் தாராளமாக உள்ளே விடும். இறால் குளத்தின் அடிச்சேறு கிளம்பும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். சிப் ரெசிஸ்டரின் முனைக்குள் இருக்கும் வெள்ளியை அது தின்று, ரெசிஸ்டர் ஓப்பனாகிவிடும். இந்தக் கோளாறு வெயிலில் வைத்தாலும் திரும்பாது.

சிலிக்கோன் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வினிகர் வாசனை அடிக்கும் சீலன்ட்டைப் பெட்டிக்குள் எங்காவது தடவியிருக்கிறீர்களா? அந்த வாசனை அசிட்டிக் அமிலம். மூடிய பெட்டியில் அது செம்பை அரிக்கும். கேபிள் ஓட்டையை அடைக்கவோ கெபாசிட்டரை ஒட்டவோ அதைப் பயன்படுத்துகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

நானோ கோட்டிங் வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். டம்ளர் தண்ணீரில் போர்டை முக்குவார், எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில், 3 வோல்ட்டில், பூச்சே இல்லாத எல்இடியும் கொஞ்ச நேரம் எரியத்தான் செய்யும். நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த வகை பெரும்பாலும் ஃப்ளோரோபாலிமர். கனம் ஒன்றிரண்டு மைக்ரான், அதற்கும் கீழே. தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும், கனெக்டரை மாஸ்க் செய்யவே (பூச்சு படாமல் மூடவே) வேண்டாம், முக்கி எடுத்தால் நிமிடங்களில் காய்ந்துவிடும். செல்போன், காதுக்கருவி போன்றவற்றில் எப்போதாவது தெறிக்கும் தண்ணீருக்கு அது நியாயமான தேர்வு. மாதக்கணக்கில் உப்பு உட்கார்ந்து, 415 வோல்ட்டும் இருக்கும் போர்டில் ஒரு மைக்ரான் படலத்தை நம்பி அனுப்ப நான் துணிய மாட்டேன். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இவற்றில் பல, பிஎஃப்ஏஎஸ் என்ற, சூழலில் எளிதில் சிதையாத வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் அந்தத் தயாரிப்பிலிருந்து வெளியேறுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஐரோப்பாவில் ஐந்து நாடுகள் சேர்ந்து 2023-ல் விரிவான கட்டுப்பாட்டை முன்மொழிந்தன. இன்று கிடைக்கும் சரக்கு நாளையும் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பாரிலீன் பற்றிக் கேள்விப்பட்டது எல்லாம் ஏறக்குறைய உண்மை. மான்செஸ்டரில் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் 1947-ல் கண்டறிந்தது. யூனியன் கார்பைடு 1965-ல் வணிகமாக்கியது. மற்றவை திரவமாகப் பூசப்படுகின்றன. இது வாயுவாக வந்து படிகிறது. டைமர் (dimer) என்ற பொடியைச் சுமார் 150 டிகிரியில் ஆவியாக்கி, 680 டிகிரி அளவில் உடைத்து, வெற்றிட அறைக்குள் விடுவார்கள். அறை வெப்பத்திலேயே அது போர்டின் மேல் படலமாக வளரும். திரவம் இல்லாததால் மேற்பரப்பு இழுவிசை இல்லை. கூர்மையான கால் முனையிலும் ஐசியின் அடியிலும் ஒரே கனம். 10 முதல் 50 மைக்ரானிலேயே துளையில்லாத படலம் கிடைக்கும். உடலுக்குள் வைக்கும் மருத்துவக் கருவிகளுக்கு இதைத் தேடிப் போவது அதனால்தான்.

ஆனால் வாயு எல்லா இடத்துக்கும் போகும் என்பதே உங்களுக்குத் தலைவலி. சிம் கார்டு ஹோல்டர், ஆன்டெனா கனெக்டர், ஸ்குரூ டெர்மினல், புஷ் பட்டன் எல்லாவற்றையும் வாயு புகாமல் கையால் மூட வேண்டும். கூலி அதில்தான் ஏறும். ஒரு பாகம் பழுதானால் சுரண்டி எடுக்க வேண்டும், தின்னரில் கரையாது. பாரிலீன் சி வகை காற்றில் தொடர்ந்து 80 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் இருந்தால் நொறுங்கும். உங்கள் ரெகுலேட்டரின் ஹீட்சிங்க் எத்தனை டிகிரி போகிறது, அளந்திருக்கிறீர்களா? உங்கள் போர்டுகளை ஊர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்கிறார் என்றால், பாரிலீன் அவர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்னுக்கு எதிரி.

பாலியூரித்தேன், எபாக்ஸி பற்றி நீங்கள் கேட்கவில்லை. எபாக்ஸி இறுகும்போது சுருங்கி, கண்ணாடி டயோடையும் சிப் பாகங்களையும் உடைக்கும், விடுங்கள். பாலியூரித்தேன் டீசல், கரைப்பான் புகை உள்ள இடத்துக்கு நல்லது. அதில் இருக்கும் ஐசோசயனேட் தெளிக்கிறவரின் நுரையீரலுக்கு ஆகாது. சரியான முகமூடியும் எக்ஸாஸ்ட்டும் இல்லாத பட்டறையில் அதைக் கொண்டுவராதீர்கள்.

என் பரிந்துரை, யாரும் உங்களுக்குச் சொல்லாத சாதாரண அக்ரிலிக். ஈரத்துக்கு நன்றாக நிற்கும், சீக்கிரம் காயும், தின்னரில் கரையும், அதன் மேலேயே சால்டர் வைத்துப் பாகத்தை மாற்றிவிட்டு அந்த இடத்தில் மறுபடி தொட்டு விடலாம். பெட்ரோல், தின்னர் பட்டால் கரைந்துபோகும். உங்கள் பெட்டிக்குள் அவை வரப்போவதில்லை. வாங்கும்போது ஐபிசி-சிசி-830 என்ற போர்டுப் பூச்சுத் தரநிலையில் தகுதி பெற்றதா, யுவி விளக்கில் ஒளிரும் சாயம் கலந்ததா என்ற இரண்டையும் கேளுங்கள். ஒளிரும் சாயம் இல்லாத பூச்சு இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். இருட்டறையில் யுவி டார்ச் அடித்தால் எங்கே பூச்சு இல்லை என்பது உங்கள் புதுப் பையனுக்கும் தெரிய வேண்டும்.

கனம்: அக்ரிலிக்குக்குச் சமதளமான இடத்தில், காய்ந்த பிறகு, 30 முதல் 130 மைக்ரான் என்பது ஐபிசி வரம்பு. நீங்கள் 50, 60 மைக்ரானைக் குறிவையுங்கள். ஒரே கோட்டில் அதைப் போட முயலாதீர்கள். திரவப் பூச்சு கூர்மையான விளிம்பிலிருந்து வழிந்து விலகும். சமதளத்தில் 50 மைக்ரான் நிற்கும்போது ஐசி கால் முனையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் போகலாம். கசிவு தொடங்குவதோ அந்தக் கால்களில்தான். மெல்லியதாக ஒரு கோட், காய்ந்ததும் போர்டைத் திருப்பி வேறு கோணத்தில் இன்னொரு கோட். தடியாக ஒரே கோட் அடித்தால் மேலே தோல் கட்டி, உள்ளே தின்னர் சிக்கிக் குமிழாகும். தின்னர் கலந்த பிறகு திடப்பொருள் கொள்ளளவில் 30 சதவீதம் என்றால், ஈரத்தில் 100 மைக்ரான் காய்ந்தபின் 30 ஆகும். கணக்கை அதிலிருந்து போடுங்கள். ஒவ்வொரு தட்டிலும் போர்டுகளோடு ஒரு அலுமினியத் துண்டையும் வைத்துத் தெளித்து, முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரில் அளந்தால் போதும். பெரிய கருவி வேண்டாம். காலையில் ஃபோர்டு கப்பில் (அடியில் துளையுள்ள அளவுக் கிண்ணம்) பாகுநிலை பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள். வெயில் ஏற ஏறத் தின்னர் பறந்து கலவை கெட்டியாகும்.

மாஸ்க் செய்ய வேண்டியவற்றில் சிம் ஹோல்டரை மறந்துவிட வாய்ப்பு அதிகம். நேரடியாகத் தெளிக்காவிட்டாலும், பக்கத்தில் தேங்கிய பூச்சு நுண்துளை ஈர்ப்பால் உள்ளே ஏறி, தகட்டில் படலம் போடும். பிறகு 'நெட்வொர்க் இல்லை' என்று புகார் வரும். ஹோல்டரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தள்ளியே தெளிப்பை நிறுத்துங்கள். ட்ரிம்பாட், ஸ்விட்ச், பின் ஹெடர் எல்லாவற்றுக்கும் கப்டான் டேப் அல்லது உரித்தெடுக்கும் லேடெக்ஸ் போதும்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் வெயிலில் பெட்டிக் காற்று விரிந்து வெளியே போகும், மாலையில் மழை பெய்து குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கேபிள் வழியாகவாவது உப்புக் காற்றை மூச்சிழுக்கும். ஆகவே கேபிள்களைக் கீழ்ப்பக்கமாக, தொங்கல் விட்டு நுழையுங்கள். போர்டைச் செங்குத்தாக, கனெக்டர் கீழே வருமாறு மாட்டுங்கள். படுக்கையாக மாட்டிய போர்டில் பனி நிற்கும், செங்குத்தான போர்டில் வடியும்.

சோதனைக்கு, '48 மணி நேரம் சால்ட் ஸ்ப்ரே தாங்கியது' என்ற சான்றிதழை யாராவது நீட்டினால் ஒரே கேள்வி கேளுங்கள்: சோதனையின்போது போர்டில் மின்சாரம் இருந்ததா? உப்பும் ஈரமும் உலோகத்தை மெதுவாக அரிக்கும். வோல்டேஜும் சேர்ந்தால்தான் ஒரு காலிலிருந்து உலோகம் கரைந்து, மறு காலில் படிந்து, அங்கிருந்து முதல் காலை நோக்கி முள்முள்ளாக வளரும். மின்சாரம் இல்லாத சோதனை ஸ்குரூவுக்கும் பெட்டிக்கும் சரி, போர்டுக்கு அரைச் சோதனைதான். பூச்சில்லாதது, இப்போதைய வார்னிஷ், கழுவாமல் அக்ரிலிக், கழுவி அக்ரிலிக் என நான்கு வகையில் சில போர்டுகள் செய்யுங்கள். 5 சதவீத உப்புக் கரைசலை லேசாகத் தெளித்துக் காயவைத்து, அடியில் தண்ணீர் வைத்து மூடிய டப்பாவுக்குள் போட்டு, 12 வோல்ட் சப்ளை மட்டும் கொடுத்து, அளக்கும் பாதையின் வோல்டேஜைத் தினமும் குறியுங்கள். 415 வோல்ட்டை இந்த விளையாட்டில் சேர்க்கவே கூடாது. மூன்றாவது வகைக்கும் நான்காவது வகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தபின் கழுவும் தொட்டிக்குச் செலவழிக்க உங்களுக்கே மனம் வரும். முறையான சான்று வேண்டும்போது சென்னையில் மின்னணுப் பொருள்களைச் சோதிக்கும் மத்திய அரசு அமைப்பான எஸ்டிக்யூசி-யின் ஈடிடிசி ஆய்வகத்தை விசாரியுங்கள்.

பிளஞ்சருக்கு டிஎல்சி வேண்டாம். பூச்சு மோசம் என்பதல்ல. அடியில் இருப்பது அலுமினியம். மெத்தை மேல் கண்ணாடித் தகடு வைத்த மாதிரி, ஒரு மணல் துகள் அழுத்தினாலே இரண்டு மைக்ரான் கடினப் படலம் விரிசல் விடும். அதோடு, இப்படிப்பட்ட மெல்லிய படலங்களில் நுண்துளைகள் உண்டு. கார்பன் படலமும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பாட்டரிதான். துளை இருக்கும் இடத்தில் முழு அரிப்பும் குவிந்து குழி விழும். பூச்சில்லாத அலுமினியத்திலும் உப்புத் தண்ணீரில் குழி விழும், பூசியதில் அது அந்தத் துளையிலேயே குவிந்து துளைத்துக்கொண்டு போகும். எலக்ட்ரோலெஸ் நிக்கல் முலாமுக்கும் இதே ஆபத்து உண்டு. அளவையும் பாருங்கள்: 15 மைக்ரான் பூச்சு போட்டால் விட்டம் 30 மைக்ரான் ஏறும், உங்கள் இடைவெளியில் 10 மட்டும் மிஞ்சும். அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக்கும் ஹார்டு அனோடைசிங் 40 மைக்ரான் போட்டால், பாதி உள்ளே, பாதி வெளியே வளர்ந்து விட்டத்தில் 40 சேரும். இடைவெளியே காணாமல் போகும். பூசிய பின் அளவு என்ன என்பதை ட்ராயிங்கில் எழுதாமல் எந்தப் பாகத்தையும் பூச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அலுமினியத்தையும் பித்தளையையும் உப்புத் தண்ணீரில் அருகருகே வைத்ததுதான் மூலக் கோளாறு. பிளஞ்சரை அசிட்டால், நம் லேத் பட்டறைகளில் டெல்ரின் என்று சொல்வது, அதில் கடையுங்கள். ஆனால் அதே 40 மைக்ரான் இடைவெளியோடு செய்துவிடாதீர்கள். அசிட்டால் பித்தளையைவிடப் பல மடங்கு விரியும், 12 மி.மீ. விட்டத்துக்கு 30 டிகிரி சூடு ஏறினால் 30 மைக்ரானுக்கு மேல் இடைவெளியை அதுவே தின்றுவிடும். 100 முதல் 120 மைக்ரான் கொடுங்கள். ஃப்ளோ ஸ்விட்ச் தண்ணீரை அடைத்து நிறுத்த வேண்டியதில்லை, ஓட்டத்துக்கு நகர்ந்தால் போதும். ஆன் ஆகும் அளவு சற்று மாறும், அதை ஸ்பிரிங்கில் சரிசெய்துகொள்ளலாம்.

மிஞ்சுவது பிளஞ்சருக்குள் இருக்கும் காந்தம். நியோடிமியம் என்றால் அதன் மேல் இருக்கும் நிக்கல் முலாம் ஒரு மூலையில் பெயர்ந்தாலும் உப்புத் தண்ணீரில் பொடிப்பொடியாகும். அசிட்டாலில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது என்பதால் அடைப்பு வைத்து மூடியும் நீரை நம்பிக்கையாகத் தடுக்க முடியாது. பாரிலீன்காரரிடம் போர்டுக்கு வாங்கிய விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் காந்தத்துக்கு விலை கேளுங்கள். சின்னப் பொருள், கனெக்டர் இல்லை, மாஸ்க் வேண்டாம். மொத்தமாக உருளும் கூடையில் போட்டு ஒரே சுற்றில் பூசித் தருவார்கள். காந்தத்தின் அளவையும், பூசிய பிறகு அது நுழைய வேண்டிய துளையின் அளவையும் சேர்த்தே அனுப்புங்கள்.